எல்விஎம் ஸ்நாப்ஷாட்டும் மிரர் ரீசிங்க்கும்: கட்டளை வரியில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் சர்வரில் எல்விஎம் (டிஸ்குகளின் இடத்தை ஒன்றாகத் திரட்டி, வேண்டியபடி பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் இரண்டு சமயங்களில் கட்டளை வரியைத் திறந்து தயங்குவார்கள். பெரிய அப்டேட்டுக்கு முன் ஸ்நாப்ஷாட் (தரவின் அந்த நொடி நிலையைப் பிடித்து வைக்கும் காட்சி) எடுக்கும்போது ஒருமுறை. மிரரில் (ஒரே தரவை இரண்டு டிஸ்குகளில் வைப்பது) ஒரு டிஸ்க் போய், புதியதை மாட்டி ரீசிங்க் செய்யும்போது (இரு நகல்களையும் மறுபடி ஒன்றுபோல ஆக்கும்போது) இன்னொருமுறை. இரண்டிலும் கட்டளைகள் சில வரிகள்தான். புதியவர்கள் தடுக்கி விழுவது வரிசையிலும் திசையிலும். தரவு எங்கிருந்து எங்கே போகப்போகிறது, எது அழிந்து எது மிஞ்சும் என்று என்டர் தட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறோம்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்; அளவைக் குறிக்கும் ஜி, எம் மட்டும் பெரிய எழுத்து. ஒற்றை எழுத்து ஆப்ஷன்களைத் தவிர்த்து நீளமானவற்றையே கொடுத்திருக்கிறேன். எல்விஎம்மில் பெரிய எஸ்ஸும் சின்ன எஸ்ஸும் ஒன்றல்ல. நீளமான பெயரில் அந்தக் குழப்பம் வராது. எடுத்துக்காட்டுகளில் வால்யூம் குரூப்பின் (டிஸ்குகள் சேர்ந்த தொகுப்பு) பெயர் விஜி0, லாஜிக்கல் வால்யூமின் (அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதி) பெயர் டேட்டா.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் காலி இடம். விஜிஎஸ் என்று அடித்து விஃப்ரீ என்ற பத்தியைப் பாருங்கள். ஸ்நாப்ஷாட்டுக்கான இடம் ஃபைல்சிஸ்டத்துக்குள் இருந்து வராது, வால்யூம் குரூப்பில் யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கும் இடத்திலிருந்து வரும். டிஎஃப் கட்டளை 40 ஜிபி காலி என்று காட்டினாலும் விஃப்ரீ பூஜ்யமாக இருந்தால் ஸ்நாப்ஷாட் எடுக்க முடியாது. சர்வரை நிறுவும்போதே மொத்த இடத்தையும் ரூட்டுக்கு (இயங்குதளம் இருக்கும் வால்யூம்) கொடுத்துவிடுகிறவர்கள் பின்னால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்து, டிஸ்க் அடையாளம். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டுக்குப் பின் இடம் மாறலாம். அதனால் சீரியல் எண்ணைக் குறித்து வையுங்கள்:

எல்எஸ்பிஎல்கே --அவுட்புட் நேம்,சைஸ்,மாடல்,சீரியல்

டிஸ்க் மாற்றும் நாளில் இந்தப் பட்டியல் கையில் இல்லையென்றால், நல்ல டிஸ்கைக் கழற்றும் ஆபத்து நிஜமானது. பட்டியலைச் சர்வரிலேயே வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

பிறகு எல்விஎம்மின் மெட்டாடேட்டா. விஜிசிஎஃப்ஜிபேக்கப் விஜி0 என்று ஓட்டினால் /இடிசி/எல்விஎம்/பேக்கப் அடைவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாகும். அதையும் வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். எந்த வால்யூம் எந்த டிஸ்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற வரைபடம் அது. உங்கள் தரவு அதில் இல்லை.

கடைசியாக, ஒத்திகை. ட்ரங்கேட் கட்டளையால் 1 ஜிபி அளவில் மூன்று ஃபைல்கள் உருவாக்கி, லாஸ்செட்அப் கொண்டு அவற்றை லூப் டிவைஸ்களாக (டிஸ்க் போல நடந்துகொள்ளும் ஃபைல்கள்) மாற்றி, அவற்றின் மேல் தனி வால்யூம் குரூப் ஒன்று கட்டினால் கீழே வரும் எல்லாவற்றையும் ஆபத்தில்லாமல் செய்து பார்க்கலாம். இதை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். டிஸ்க் உண்மையாகவே செத்துக் கிடக்கும் இரவில் மேன் பக்கத்தை முதல்முறையாகப் படிக்கக்கூடாது.

2. ஸ்நாப்ஷாட் எடுப்பது

எல்விகிரியேட் --ஸ்நாப்ஷாட் --நேம் டேட்டா_முன் --சைஸ் 10ஜி விஜி0/டேட்டா

பெயரை உங்கள் வசதிப்படி ஆங்கில எழுத்தில் வையுங்கள், தேதியும் அதில் இருந்தால் நல்லது. இந்த 10 ஜிபி என்பது தரவின் முழு நகலுக்கான இடம் அல்ல. மூல வால்யூமில் ஒரு பகுதி முதல்முறையாக மாறும்போது, மாறுவதற்கு முன் இருந்த உள்ளடக்கம் இந்த இடத்துக்கு நகலாகிறது. ஆகவே எவ்வளவு கொடுப்பது என்பது வால்யூம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல. ஸ்நாப்ஷாட் இருக்கும் நேரத்துக்குள் எவ்வளவு மாறும் என்பதைப் பொறுத்தது. மூலத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்துவிட்டால் நிரம்பும் பேச்சே இல்லை. அவ்வளவு இடம் இல்லாதபோதுதான் கணக்குப் போட வேண்டும்.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தால் கவனம். ஸ்நாப்ஷாட் எடுக்கும் நொடியில் எல்விஎம் ஃபைல்சிஸ்டத்தை நிறுத்திப் பிடித்துக்கொள்வதால் ஃபைல்சிஸ்டம் சீராக இருக்கும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை மின்சாரம் போய் வந்த நிலைக்குச் சமம்தான். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) போன்றவை அதிலிருந்து மீண்டுவிடும். ஆனால் தரவு ஒரு வால்யூமிலும் லாக் இன்னொரு வால்யூமிலும் இருந்தால், இரண்டு ஸ்நாப்ஷாட்டுகளும் ஒரே நொடியில் எடுக்கப்பட்டவை ஆகாது. அப்படிப்பட்ட அமைப்பில் டேட்டாபேஸைச் சில நொடிகள் நிறுத்திவிட்டு எடுப்பதே சரி.

தின் பூலில் (எழுதும்போது மட்டும் இடம் ஒதுக்கும் பொதுத் தொகுப்பு) இருக்கும் வால்யூம் என்றால் --சைஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தின் ஸ்நாப்ஷாட்டுக்குப் பதில் மேலே சொன்ன பழைய வகை உருவாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இன்னொன்று: தின் ஸ்நாப்ஷாட் தானாக ஆக்டிவேட் ஆகாது (பயன்பாட்டுக்குத் திறக்காது). எல்விசேஞ்ச் --ஆக்டிவேட் ஒய் என்பதோடு --இக்னோர்ஆக்டிவேஷன்ஸ்கிப் சேர்க்க வேண்டும்.

3. நிரம்பாமல் காப்பது

எல்விஎஸ் விஜி0 என்று பார்த்தால் டேட்டா% பத்தியில் ஸ்நாப்ஷாட் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அது 100ஐத் தொட்டால் ஸ்நாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூல வால்யூமுக்கு ஒன்றும் ஆகாது, வேலை தொடரும். ஆனால் திரும்பிப் போவதற்கான வழி அடைபட்டுப் போயிற்று. அதன்பின் இடத்தைக் கூட்டினாலும் உயிர் வராது. நிரம்பும் முன்பே கூட்ட வேண்டும்:

எல்விஎக்ஸ்டெண்ட் --சைஸ் +5ஜி விஜி0/டேட்டா_முன்

இதைத் தானாக நடக்க வைக்கலாம். /இடிசி/எல்விஎம்/எல்விஎம்.கான்ஃப் ஃபைலில் ஸ்நாப்ஷாட்_ஆட்டோஎக்ஸ்டெண்ட்_த்ரெஷோல்ட் என்ற வரி இயல்பாக 100ல் இருக்கும். 100 என்றால் தானியங்கி விரிவாக்கம் அணைந்திருக்கிறது என்று பொருள். அதை 70 ஆக்கினால், 70 சதவீதத்தைத் தாண்டியதும் கூடவே இருக்கும் பெர்சென்ட் வரியில் சொன்ன அளவுக்கு, இயல்பாக 20 சதவீதம், விரியும். இதற்கு டிஎம்இவெண்ட்டி என்ற கண்காணிப்பு டீமன் ஓட வேண்டும். விஜியில் காலி இடமும் வேண்டும். இல்லாத இடத்தை அதனாலும் கொடுக்க முடியாது.

ஸ்நாப்ஷாட் இருக்கும்வரை மூல வால்யூமில் எழுதும் வேகம் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியிலும் முதல்முறை எழுதும்போது கூடவே ஒரு நகல் வேலை இருக்கிறது. வேலை முடிந்ததும் எல்விரிமூவ் கொண்டு நீக்கிவிடுங்கள். வாரக்கணக்கில் மறந்து கிடக்கும் ஸ்நாப்ஷாட் யாருக்கும் பயன்படாது.

4. ஸ்நாப்ஷாட்டிலிருந்து பேக்கப்

ஸ்நாப்ஷாட் பேக்கப் அல்ல. அது அதே டிஸ்குகளில், அதே வால்யூம் குரூப்பில் இருக்கிறது. ஆனால் பேக்கப் எடுக்க அசையாத ஒரு காட்சியைத் தருகிறது. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, ஆர்சிங்க் அல்லது டார் கொண்டு வேறு கணினிக்கு நகலெடுத்து, அன்மவுண்ட் செய்து, நீக்குங்கள்.

ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் மவுண்ட் செய்யும்போது நோயூயூஐடி என்ற ஆப்ஷன் தேவை. மூலமும் ஸ்நாப்ஷாட்டும் ஒரே யூயூஐடியை (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) கொண்டிருப்பதால் எக்ஸ்எஃப்எஸ் இரண்டாவதை ஏற்க மறுக்கும். இஎக்ஸ்டி4 மறுக்காது, அதனால் அங்கே வேறு ஆபத்து: எஃப்எஸ்டேப்பில் (பூட்டின்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) யூயூஐடி வைத்து மவுண்ட் செய்திருந்து, ஸ்நாப்ஷாட் இருக்கும்போது ரீபூட் ஆனால், எது மவுண்ட் ஆகும் என்பதற்கு உறுதியில்லை. எல்விஎம் வால்யூம்களை எஃப்எஸ்டேப்பில் /டெவ்/விஜி0/டேட்டா என்ற பாதையாலேயே குறிப்பிடுங்கள்.

5. பழைய நிலைக்குத் திரும்புதல்

அப்டேட் சொதப்பிவிட்டது, திரும்ப வேண்டும். சேவைகளை நிறுத்தி, வால்யூமை அன்மவுண்ட் செய்துவிட்டு:

எல்விகன்வெர்ட் --மெர்ஜ் விஜி0/டேட்டா_முன்

இங்கே திசையைக் கவனியுங்கள். ஸ்நாப்ஷாட்டிலிருந்து மூலத்துக்குப் போகிறது. ஸ்நாப்ஷாட் எடுத்தபின் மூலத்தில் எழுதிய எல்லாமே போய்விடும். வேண்டிய லாக்குகளோ புதிய பதிவுகளோ இருந்தால் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

கட்டளை கொடுத்தவுடனேயே வால்யூமை மவுண்ட் செய்து பயன்படுத்தலாம். பின்னணியில் மெர்ஜ் ஓடிக்கொண்டிருந்தாலும் நீங்கள் பார்ப்பது பழைய நிலைதான். முடிந்ததும் ஸ்நாப்ஷாட் தானாக மறைந்துவிடும். மறுபடி அப்டேட்டை முயல்வதானால் புதிய ஸ்நாப்ஷாட் எடுக்க வேண்டும். இரண்டாம் முயற்சியில் இதை மறப்பவர்கள் நிறைய.

வால்யூம் பயன்பாட்டில் இருந்தால் மெர்ஜ் உடனே தொடங்காது. அடுத்த ஆக்டிவேஷனுக்குத் தள்ளிவைத்திருப்பதாகச் செய்தி வரும். அது பிழை அல்ல. சாதாரண வால்யூம் என்றால் அன்மவுண்ட் செய்து, டீஆக்டிவேட் செய்து, மறுபடி ஆக்டிவேட் செய்தால் தொடங்கிவிடும். ரூட் என்றால் ரீபூட்தான் வழி.

ரூட்டைத் திருப்பும்போது ஒரு பெரிய பொறி இருக்கிறது. /பூட் பெரும்பாலும் எல்விஎம்முக்கு வெளியே தனிப் பார்ட்டிஷனில் இருக்கும். ஸ்நாப்ஷாட் அதைத் தொடாது. அப்டேட்டில் கர்னலும் மாறியிருந்தால், மெர்ஜுக்குப் பின் /பூட்டில் புதிய கர்னல் இருக்கும், ரூட்டில் அதற்கான மாட்யூல்கள் இருக்காது. ஆகவே அப்டேட்டுக்கு முன் ஸ்நாப்ஷாட்டோடு சேர்த்து /பூட் அடைவையும் டார் செய்து வையுங்கள். திரும்பும்போது இரண்டையும் சேர்த்தே திருப்புங்கள். குறைந்தபட்சம் கிரப் (பூட் லோடர்) மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்யுங்கள்.

6. இருக்கும் வால்யூமுக்கு மிரர் சேர்த்தல்

புதிய டிஸ்கை பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட் மூலம் குரூப்பில் சேர்த்தபின்:

எல்விகன்வெர்ட் --டைப் ரெய்ட்1 --மிரர்ஸ் 1 விஜி0/டேட்டா /டெவ்/எஸ்டிபி

மிரர்ஸ் 1 என்றால் மூலத்தோடு கூடுதலாக ஒரு நகல், மொத்தம் இரண்டு. வகையை ரெய்ட்1 என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். மிரர் என்றொரு பழைய வகையும் இருக்கிறது, அதற்குத் தனி லாக் வால்யூம் தேவைப்படும். ரெய்ட்1ல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறிய மெட்டாடேட்டா வால்யூம் உருவாகிறது. அதில்தான் எந்தப் பகுதி இன்னும் ஒத்துப்போகவில்லை என்ற பிட்மேப் இருக்கிறது.

அந்த மெட்டாடேட்டாவுக்குப் பழைய டிஸ்கிலும் ஓர் எக்ஸ்டெண்ட் (எல்விஎம் இடம் ஒதுக்கும் அலகு), வழக்கமாக 4 எம்பி, காலியாக இருக்க வேண்டும். பழைய டிஸ்க் முழுக்க நிரம்பியிருந்தால் கட்டளை இடமில்லை என்று மறுத்துவிடும். புதிய டிஸ்கில் அவ்வளவு இடம் இருந்தும் ஏன் என்று பலர் குழம்புவார்கள். பழைய டிஸ்கில் இருக்கும் ஸ்வாப் வால்யூமை அணைத்து, கொஞ்சம் சுருக்கி மறுபடி உருவாக்குவது எளிய தீர்வு.

7. ரீசிங்க்கைக் கவனிப்பது

எல்விஎஸ் --ஆல் --ஆப்ஷன்ஸ் +ரெய்ட்_சிங்க்_ஆக்‌ஷன்,எல்வி_ஹெல்த்_ஸ்டேட்டஸ்,டிவைசஸ் விஜி0

இந்த ஒரு வரியை ஷெல்லில் ஏலியஸாக வைத்துக்கொள்ளுங்கள். சிபிஒய்%சிங்க் பத்தியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது மிகவும் பொதுவான தவறு. ஒரு டிஸ்க் முழுவதுமாகப் போய்விட்ட மிரரிலும் அந்தப் பத்தி 100.00 என்று காட்டக்கூடும். ஹெல்த் ஸ்டேட்டஸ் காலியாக இருக்கிறதா, டிவைசஸ் பத்தியில் அன்னோன் என்று ஏதாவது இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மிரர் நலமாக இருக்கிறது என்று சொல்லலாம்.

1 டிபி வால்யூம் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். வேலை நேரத்தில் ஓட்டினால் சர்வர் மந்தமாகலாம், அதனால் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம்:

எல்விசேஞ்ச் --மேக்ஸ்ரெக்கவரிரேட் 50எம் விஜி0/டேட்டா

இரவில் 0 கொடுத்தால் வரம்பு நீங்கிவிடும். வேகத்தை ரொம்பவும் குறைக்காதீர்கள். ரீசிங்க் முடியும்வரை உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல நகல்தான், அந்த நேரத்தை நீட்டுவது ஆபத்தை நீட்டுவதாகும். நடுவே ரீபூட் ஆனால் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். மூல டிஸ்கைக் கழற்றினால்தான் எல்லாம் போகும்.

8. டிஸ்க் செத்துவிட்டால்: வரிசைதான் எல்லாம்

ஹெல்த் ஸ்டேட்டஸில் பார்ஷியல் என்று வருகிறது, பிவிஎஸ் ஒரு டிஸ்கைக் காணவில்லை என்கிறது. பதற வேண்டாம், வால்யூம் மீதமுள்ள டிஸ்கில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வேலை, பேக்கப் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். ரீசிங்க் என்பது மிஞ்சியிருக்கும் டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் வேலை. அதுவும் பழையது என்றால் அந்தச் சுமையில் அதுவும் போகலாம்.

அப்புறம் இந்த வரிசை:

பிவிகிரியேட் /டெவ்/எஸ்டிசி
விஜிஎக்ஸ்டெண்ட் விஜி0 /டெவ்/எஸ்டிசி
எல்விகன்வெர்ட் --ரிப்பேர் விஜி0/டேட்டா /டெவ்/எஸ்டிசி
(ரீசிங்க் முடியும்வரை காத்திருத்தல்)
விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங் விஜி0

புதிய டிஸ்கை முதலில் சேர்ப்பது, ரிப்பேருக்கு இடம் வேண்டும் என்பதால். ஒரு டிஸ்க் காணாமல் போயிருந்தாலும் குரூப்பில் புதிய டிஸ்கைச் சேர்க்க எல்விஎம் அனுமதிக்கும். ரிப்பேர் ஒவ்வொரு மிரர் வால்யூமுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். டேட்டாவைச் சரிசெய்துவிட்டு, ரூட்டையும் ஸ்வாப்பையும் ஒற்றைக் காலில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

செத்த டிஸ்கின் பெயரைக் கடைசியில்தான் நீக்க வேண்டும். ஏன் என்றால், ரிமூவ்மிஸ்ஸிங்கை முதலிலேயே ஓட்டினால், காணாமல் போன டிஸ்கில் இன்னும் வால்யூம்கள் இருக்கின்றன என்று அது மறுக்கும். மறுத்ததும் பலர் --ஃபோர்ஸ் சேர்ப்பார்கள். அந்த டிஸ்கில் ஒரு பகுதியாவது இருந்த மிரர் இல்லாத வால்யூம்களை ஃபோர்ஸ் அடியோடு நீக்கிவிடும். மறுப்பு வந்தால் ரிப்பேர் ஆகாத வால்யூம் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு 7ஆம் பகுதியின் கட்டளையால் அதைத் தேடுங்கள்.

எந்த எல்விஎம் கட்டளையையும் --டெஸ்ட் சேர்த்து ஓட்டினால் மெட்டாடேட்டாவை மாற்றாமல் சோதித்துச் சொல்லும். ரிப்பேருக்கும் விஜிரெட்யூஸுக்கும் முன்னால் அதைச் செய்வது நல்ல பழக்கம்.

டிஸ்க் இன்னும் சாகவில்லை, ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் வசதி) எச்சரிக்கை மட்டும் வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். புதிய டிஸ்கை மேலே சொன்னபடி குரூப்பில் சேர்த்துவிட்டு, எல்விகன்வெர்ட் --ரீப்ளேஸ் /டெவ்/எஸ்டிபி விஜி0/டேட்டா /டெவ்/எஸ்டிசி என்று கொடுத்தால் பழையதிலிருந்து புதியதுக்கு மாறிவிடும். மிரர் முழுதாக ஒத்துப்போயிருக்கும் நிலையில்தான் இது நடக்கும்.

பூட் டிஸ்க் என்றால் இன்னும் ஒரு வேலை மீதி. எல்விஎம் மிரர் செய்வது எல்விஎம்முக்குள் இருப்பதை மட்டுமே. கிரப்பும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் புதிய டிஸ்கில் தாமாக வராது. அவற்றைத் தனியாக நிறுவாவிட்டால், அடுத்து பழைய டிஸ்க் போகும் நாளில் தரவு பத்திரமாக இருந்தும் சர்வர் எழுந்திருக்காது.

9. டிஸ்க் போய்விட்டுத் திரும்பி வந்தால்

கேபிள் தளர்ந்து டிஸ்க் சற்று நேரம் காணாமல் போய்த் திரும்புவதும் உண்டு. டிஸ்க் நலமாக இருந்தால் புதியது தேவையில்லை:

எல்விசேஞ்ச் --ரிஃப்ரெஷ் விஜி0/டேட்டா

பிட்மேப் இருப்பதால் இடைப்பட்ட நேரத்தில் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகும், சில நிமிடங்களில் முடியலாம். குரூப் அந்த டிஸ்கைக் காணவில்லை என்றே குறித்து வைத்திருந்தால், அதற்கு முன் விஜிஎக்ஸ்டெண்ட் --ரெஸ்டோர்மிஸ்ஸிங் விஜி0 /டெவ்/எஸ்டிபி கொடுங்கள்.

இந்த இடத்தில் எல்விசேஞ்ச் --ரீசிங்க் என்ற கட்டளையைக் கண்டு ஆசைப்படாதீர்கள். பெயர் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அது பிட்மேப்பை ஒதுக்கிவிட்டு முதல் பக்கத்திலிருந்து மற்றதுக்கு எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கும். விலகிப் போய்ப் பழசாகிக் கிடந்தது முதல் பக்கமாக இருந்தால், நல்ல தரவின் மேல் பழைய தரவு எழுதப்படும்.

10. மிரரின் ஒரு பக்கத்தைப் பிரித்து, மறுபடி சேர்த்தல்

ஸ்நாப்ஷாட்டுக்கு இடமில்லை, எழுதும் வேகத்தையும் விட முடியாது என்றால் மிரரின் ஒரு பக்கத்தையே உறைந்த நகலாகப் பயன்படுத்தலாம். எழுதும் செயலிகளை நிறுத்தி, முடிந்தால் அன்மவுண்ட் செய்துவிட்டு:

எல்விகன்வெர்ட் --ஸ்ப்ளிட்மிரர்ஸ் 1 --ட்ராக்சேஞ்சஸ் விஜி0/டேட்டா

டேட்டா_ரிமேஜ்_1 என்ற பெயரில் படிக்க மட்டுமான வால்யூம் ஒன்று தெரியும் (ஆங்கிலத்தில் ஆர் என்ற எழுத்தும் இமேஜ் என்ற சொல்லும் சேர்ந்தது). மூலத்தை மவுண்ட் செய்து வேலையைத் தொடருங்கள்; பிரிந்ததிலிருந்து பேக்கப் எடுங்கள். முடிந்ததும் பிரிந்ததை அன்மவுண்ட் செய்து:

எல்விகன்வெர்ட் --மெர்ஜ் விஜி0/டேட்டா_ரிமேஜ்_1

5ஆம் பகுதியில் பார்த்த அதே --மெர்ஜ்தான், ஆனால் இங்கே திசை நேர்மாறு. அங்கே ஸ்நாப்ஷாட்டின் பழைய நிலை மூலத்தின் மேல் எழுதப்பட்டது. இங்கே மூலத்தின் புதிய நிலை பிரிந்த பக்கத்தின் மேல் எழுதப்படுகிறது. பிரித்து வைத்துவிட்டு அப்டேட் செய்து, சொதப்பியதும் மெர்ஜ் கொடுத்தால் பழைய நிலை திரும்பும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கையில் இருந்த ஒரே நல்ல நகலும் சொதப்பிய நிலைக்கு வந்துவிடும். திரும்பிப் போக வேண்டும் என்பது நோக்கமானால் ஸ்நாப்ஷாட் எடுங்கள். பேக்கப்புக்கு ஓர் அசையாத நகல் போதும் என்றால் மட்டும் மிரரைப் பிரியுங்கள்.

ட்ராக்சேஞ்சஸை விட்டுவிட்டு --நேம் கொடுத்துப் பிரித்தால் அது நிரந்தரப் பிரிவு. சேர்க்க வேண்டுமானால் புதிதாக மிரர் கட்டி முழு ரீசிங்க் ஓட்ட வேண்டியதுதான். இரண்டு டிஸ்க் மிரரில் பிரிந்திருக்கும் நேரம் முழுவதும் பாதுகாப்பு இல்லை என்பதால், இந்த வழியை வழக்கமாக்க விரும்புகிறவர்கள் மூன்றாவது நகல் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

11. அவ்வப்போது சரிபார்த்தல்

எல்விசேஞ்ச் --சிங்க்ஆக்‌ஷன் செக் விஜி0/டேட்டா

இது இரு பக்கங்களையும் முழுதாகப் படித்து ஒப்பிடும், தரவை மாற்றாது. மாதம் ஒருமுறை ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) வைக்கலாம். முடிந்ததும் ரெய்ட்_மிஸ்மேட்ச்_கவுண்ட் என்ற பத்தியில் எண்ணைப் பாருங்கள். யாரும் படிக்காத மூலையில் கெட்டுப்போன செக்டர், ரீசிங்க் நடக்கும் நாளில்தான் தெரியவரும் என்ற நிலையைத் தவிர்ப்பதே இதன் பயன்.

எண் பூஜ்யமாக இல்லையென்றால் உடனே --சிங்க்ஆக்‌ஷன் ரிப்பேர் கொடுக்காதீர்கள். இரண்டு நகல்களில் எது சரி என்று ரெய்ட்1க்குத் தெரிய வழியே இல்லை. ஒன்றை மற்றதன் மேல் எழுதி இரண்டையும் ஒன்றுபோல ஆக்கிவிடும், அவ்வளவுதான். ஸ்வாப் வால்யூமில் சிறு எண்ணிக்கை வருவது பெரும்பாலும் தீங்கற்றது. தரவு வால்யூமில் வந்தால் இரு டிஸ்குகளின் ஸ்மார்ட் அறிக்கையையும் டிமெசேஜையும் (கர்னல் செய்திகள்) பார்த்து, கேபிளை மாற்றி, எந்த டிஸ்க் சந்தேகத்துக்குரியது என்று முடிவுசெய்யுங்கள். பிறகு 8ஆம் பகுதியில் சொன்ன --ரீப்ளேஸ் மூலம் அந்த டிஸ்கையே வெளியேற்றுங்கள்.